முகம் ஒன்று, பெயர் இரண்டு: மௌனப்படக் கல்கத்தாவின் துர்கேச நந்தினி

கல்கத்தாவின் மதன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1927ஆம் ஆண்டு ‘துர்கேச நந்தினி’ என்ற மௌனப்படத்தை எடுத்தது. இயக்கியவர் பிரியநாத் கங்கூலி. முக்கிய நடிகை சீதா தேவி. பங்கிம் சந்திர சட்டோபாத்யாயரின் முதல் வங்க நாவலைத் தழுவிய படம் அது. இன்று அதன் பிரதி இல்லை. திரைப்பட வரலாற்று நூல்களில் சில வரிகளாக மட்டுமே அது எஞ்சியிருக்கிறது.

போர்க்காலக் கதை ஒன்றில் ஆள் மாறாட்டமும் மறைந்த அடையாளமும் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இந்தியாவில் இதைவிடச் செறிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. இந்தக் கதையில் வரும் பெண்களில் பெரும்பாலோர், மற்றவர்கள் நினைத்திருந்த ஆட்கள் இல்லை. அதைத் திரையில் நடித்துக்காட்டிய சீதா தேவியும் சீதா தேவி இல்லை. அவர் பெயர் ரெனீ ஸ்மித். கதைக்குள் இருக்கும் மறைப்பையும் கதைக்கு வெளியே நடந்த மறைப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் மௌனப்படக் கால கல்கத்தா நமக்குப் பிடிபடும்.

முதலில் கதை. காலம் 1590ஐ ஒட்டியது. வங்கத்தையும் ஒரிசாவையும் யார் ஆள்வது என்று முகலாயருக்கும் பட்டாணியருக்கும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. அக்பரின் தளபதி ராஜா மான்சிங். எதிரே பட்டாணியர் தலைவன் கத்லு கான். மான்சிங்கின் மகன் ஜகத்சிங் ஒரு நாள் மாலையில் தனியே குதிரையில் போகிறான். வழியில் புயல் பிடித்துக்கொள்கிறது. ஒதுங்குவதற்காக சைலேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தால் இருட்டில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். அவன் தன்னை இன்னான் என்று சொல்கிறான். அவர்கள் சொல்லவில்லை. ஒருத்தி இளம்பெண், மற்றவள் அவளுக்குத் துணையாக வந்த பணிப்பெண் போலத் தெரிகிறாள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் சந்தித்தால் பெயர் தெரியும் என்ற வாக்குறுதியோடு பிரிகிறார்கள்.

இளம்பெண் திலோத்தமை, மாந்தாரண் கோட்டையின் தலைவன் வீரேந்திர சிங்கின் மகள். ‘கோட்டைத் தலைவனின் மகள்’ என்று நாவலின் தலைப்பு குறிப்பது இவளைத்தான். மாந்தாரண் கற்பனை ஊர் இல்லை. ஹூக்ளி மாவட்டத்தில், ராமகிருஷ்ணர் பிறந்த காமார்புகூருக்கு அருகில், அந்தக் கோட்டை இருந்த மேடு இன்றும் ‘கட் மாந்தாரண்’ என்றே அழைக்கப்படுகிறது. வீரேந்திர சிங்குக்கு மான்சிங் மீது தீராத பகை. ஏன் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே பகைவன் மகன் மீது திலோத்தமை கொண்ட காதல் ரகசியமாகத்தான் வளர வேண்டியிருக்கிறது. துணை வந்த விமலை ஜகத்சிங்கை இரவில் கோட்டைக்குள் அழைத்துவர ஏற்பாடு செய்கிறாள். அவள் திறந்த வழியையே பயன்படுத்திக்கொண்டு பட்டாணியர் படை உள்ளே புகுந்துவிடுகிறது. கோட்டை விழுகிறது. வீரேந்திர சிங் கொல்லப்படுகிறான். பெண்கள் சிறைப்படுகிறார்கள். படுகாயமடைந்த ஜகத்சிங் எதிரியின் மாளிகையிலேயே கிடக்கிறான். அவனுக்கு மருந்து போட்டுப் பிழைக்கவைப்பவள் கத்லு கானின் குடும்பத்துப் பெண் ஆயிஷா.

இங்கிருந்துதான் நாவலின் உண்மையான நாடகம் தொடங்குகிறது. சிறையில் இருக்கும் ஜகத்சிங், திலோத்தமை கத்லு கானின் அந்தப்புரத்துக்குள் போய்விட்டாள், இனி அவள் பழைய திலோத்தமை இல்லை என்று நம்பிவிடுகிறான். போரில் பிடிபட்ட பெண்ணைப் பற்றி ஆண்கள் உடனே எடுக்கும் முடிவு அது. காவலைக் கடக்கும் மோதிரம் ஒன்று விமலையின் கைக்கு வருகிறது. அதைக் கொண்டு தான் தப்பிக்காமல் திலோத்தமையிடம் கொடுத்துவிடுகிறாள். திலோத்தமையோ வெளியே ஓடாமல் ஜகத்சிங்கின் அறைக்குப் போகிறாள். அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாரோ அந்நியப் பெண்ணிடம் பேசுவதுபோல ‘வீரேந்திர சிங்கின் மகளா’ என்று விசாரிக்கிறான். அவள் மயங்கி விழுகிறாள். அவளைத் தாங்க வருபவளும் ஆயிஷாதான். ஆயிஷாவை மணக்கக் காத்திருக்கும் உஸ்மான் அங்கே வந்து, இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை என்று கேட்க, இந்தக் கைதியே தன் உயிருக்குரியவன் என்று அவள் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறாள். வங்க வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்த காட்சி இது.

ஜகத்சிங்கின் தவறான எண்ணம் எப்படித் தீர்கிறது என்பது இன்னும் முக்கியம். கத்லு கானின் பிறந்தநாள் விருந்தில் ஆடவந்த விமலை அவனைக் கத்தியால் குத்துகிறாள். சாகும் தறுவாயில் அவன் ஜகத்சிங்கை வரவழைத்து, திலோத்தமை மாசற்றவள் என்று சாட்சி சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். திலோத்தமை தானே வந்து நின்றபோது நம்பாதவன், எதிரியின் கடைசி மூச்சை நம்புகிறான். பங்கிம் இதை ஜகத்சிங்கின் குறையாக அழுத்திச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் சொல்லுக்கு அவர் கதையில் எடை இல்லாமல் போனதை இன்றைய வாசகர் கவனிக்காமல் கடக்க முடியாது.

விமலை யார் என்பதுதான் கதையின் அடியாழத்தில் இருக்கும் ரகசியம். கோட்டையில் எல்லோரும் அவளைப் பணிப்பெண் என்றே நினைத்திருந்தார்கள். அவளோ வீரேந்திர சிங்கின் முறைப்படியான மனைவி. அபிராம சுவாமி என்ற துறவி இளமையில் சசிசேகரன் என்ற பெயரோடு இருந்தபோது ஒரு சூத்திரப் பெண்ணிடம் அவருக்குப் பிறந்த மகள். மான்சிங்கின் அரண்மனையில் ஒரு ராணிக்குத் தோழியாக இருந்தபோது வீரேந்திர சிங் அவளிடம் வந்துபோய்ப் பிடிபட்டான். மணந்தால்தான் விடுதலை என்று மான்சிங் சிறைவைத்தான். மணந்துகொண்டான், ஆனால் வெளியுலகுக்கு அவள் மனைவியாக அல்ல, வேலைக்காரியாகவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மான்சிங் மீதான பகையின் வேரும் இதுவே. திலோத்தமையின் தாயும் அதே அபிராம சுவாமிக்கு மணத்துக்கு வெளியே பிறந்தவள்தான். ஆக, கோட்டைத் தலைவனின் மகள் என்று கௌரவமாகப் பேசப்படும் பெண்ணின் வம்சமும், பணிப்பெண் என்று ஒதுக்கப்பட்டவளின் வம்சமும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. 1865இல் வெளிவந்த ஒரு நாவல், குலம் கோத்திரம் பார்க்கும் சமூகத்தின் முன்னால் இதைத் துணிந்து வைத்தது. பங்கிமின் பிற்கால எழுத்துகளைப் பற்றி எத்தனையோ விவாதம் உண்டு. இந்த முதல் நாவலின் துணிச்சலுக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

வரலாறு வேறு மாதிரி நடந்தது. அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் தரும் வரலாற்றில், எதிரியின் தாக்குதலில் சிக்கிய ஜகத்சிங்கை பிஷ்ணுபூர் அரசன் ஹம்பீர் காப்பாற்றித் தன் ஊருக்கு அழைத்துச் செல்கிறான். கத்லு கான் யார் கையாலும் சாகவில்லை. விரைவிலேயே நோயுற்று இறந்தான். அதன் பிறகு பட்டாணியர் சமாதானம் பேசினார்கள். காப்பாற்றிய அரசனை விட்டுவிட்டு, அந்த இடத்தில் மருந்து போடும் ஆயிஷாவையும் கத்தி ஏந்தும் விமலையையும் பங்கிம் கொண்டுவந்து வைத்தார். ஆண்கள் மட்டுமே இருந்த ஒரு போர்க்குறிப்பை, பெண்கள் முடிவுசெய்யும் கதையாக்கிவிட்டார். வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவலைப் பார்த்து எழுதியது என்று பலர் சொன்னார்கள். எழுதும்போது அதைத் தான் படித்திருக்கவில்லை என்று பங்கிம் மறுத்தார்.

நாவல் மேடைக்குப் போனபோது அடையாளச் சிக்கல் புத்தகத்தை விட்டு வெளியே வந்தது. 1873இல் கல்கத்தாவில் பெங்கால் தியேட்டர் தொடங்கப்பட்டபோது பெண் வேடங்களுக்குப் பெண்களையே சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். கவிஞரும் நாடகாசிரியருமான மைக்கேல் மதுசூதன தத்தர் இதை வற்புறுத்தியவர். நான்கு பெண்கள் வந்தார்கள். நால்வரும் கணிகையர் தெருக்களிலிருந்து வந்தவர்கள். அந்த மேடையின் ஆரம்ப வெற்றிகளில் ஒன்று ‘துர்கேச நந்தினி’. சரத் சந்திர கோஷ் ஜகத்சிங்காக உண்மையான குதிரையில் மேடைக்கு வந்தது கல்கத்தா முழுவதும் பேசப்பட்டது. நால்வரில் ஒருவரான கோலாப், பின்னாளில் ஒரு வேடத்தின் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டு, திருமணத்துக்குப் பின் சுகுமாரி தத்தா ஆனார். சில ஆண்டுகள் கழித்து அதே நாடகத்தில் நடித்துப் புகழ்பெற்றவர் வினோதினி தாசி. ஆயிஷா, திலோத்தமை இரண்டு வேடங்களையும் ஏற்றவர்.

வினோதினியின் வாழ்க்கையில் பெயர் எப்படி விலைபேசப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1883இல் புதிய அரங்கம் ஒன்று கட்டுவதற்காக அவர் தன் வாழ்வையே பணயம் வைத்தார். அரங்கத்துக்கு உங்கள் பெயரை வைக்கிறோம் என்று சொன்ன நாடகக்காரர்கள், பதிவுசெய்யும்போது ‘ஸ்டார்’ என்று வைத்துவிட்டார்கள். கணிகையின் பெயரைத் தாங்கிய அரங்கத்துக்கு மரியாதைப்பட்டவர்கள் வரமாட்டார்கள் என்பது காரணம். பின்னர் அதே பெயரில் கல்கத்தாவின் ஹாதிபாகான் பகுதியில் எழுந்த ஸ்டார் தியேட்டருக்கு வினோதினியின் பெயர் சூட்டப்படும் என்று மேற்கு வங்க அரசு அறிவித்தது 2024 டிசம்பரில்.

சினிமா வந்தபோது இந்தக் கணக்கு மறுபடியும் போடப்பட்டது.

ஜம்ஷெட்ஜி ஃப்ராம்ஜி மதன் பம்பாய்ப் பார்சி. நாடகக் கம்பெனிகளை வாங்கினார், மதுவும் மளிகையும் விற்றார், 1902இல் கல்கத்தா மைதானத்தில் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். 1907இல் எல்ஃபின்ஸ்டன் பிக்சர் பேலஸ் என்ற நிரந்தர அரங்கத்தைக் கட்டினார். முதல் உலகப்போர்க் காலத்தில் அவர் வணிகம் பெருகியது. போருக்கு ஆற்றிய உதவிக்காக அரசு அவருக்கு ஓ.பி.இ. பட்டம் கொடுத்தது. போர் முடிந்த கையோடு 1919இல் மதன் தியேட்டர்ஸ் லிமிடெட் உருவாயிற்று. அதே ஆண்டு ‘பில்வமங்கள்’ படம் வெளிவந்தது. அவர் 1923இல் இறந்தபின் மகன் ஜே. ஜே. மதன் தொழிலை இன்னும் விரித்தார். 1920களின் இறுதியில் இந்தியா, பர்மா, இலங்கை எங்கும் பரவிய நூற்றுக்கும் மேற்பட்ட அரங்கங்கள் அந்த நிறுவனத்தின் கையில் இருந்தன.

இத்தனை அரங்கங்களுக்கும் படம் வேண்டும், படங்களுக்குக் கதை வேண்டும். வங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைகள் பங்கிமுடையவை. ‘விஷவிருட்சம்’, ‘கிருஷ்ணகாந்தரின் உயில்’, ‘துர்கேச நந்தினி’, ‘கபாலகுண்டலா’ என்று ஒவ்வொன்றாகப் படமாயின. ஆனால் நடிக்கப் பெண்கள் கிடைக்கவில்லை. குடும்பப் பெண்கள் வரமாட்டார்கள். மேடையில் இருந்த பெண்களையோ ‘மரியாதைப்பட்டவர்கள்’ ஏற்கமாட்டார்கள். இந்த இடைவெளியில் வந்தவர்கள் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும். ரெனீ ஸ்மித் சீதா தேவி ஆனார். ஐரிஸ் காஸ்பர் சபிதா தேவி ஆனார். எஃபி ஹிப்போலெட் இந்திரா தேவி ஆனார். போனி பேர்ட் லலிதா தேவி ஆனார். சென்னையில் நடராஜ முதலியார் படம் எடுத்தபோதும் அவருக்கு நடிக்கக் கிடைத்தவர் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்தான். பேஷன்ஸ் கூப்பரோ தன் பெயரிலேயே நடித்துப் புகழ்பெற்றார். 1923இல் மதன் எடுத்த ‘பத்னி பிரதாப்’ படத்தில் இரட்டைச் சகோதரிகளாக அவரே நடித்தார். இந்திய சினிமாவின் முதல் இரட்டை வேடங்களில் ஒன்று அது. ஒரே முகத்தை இரண்டு ஆட்களாகக் காட்டும் வித்தை கல்கத்தா ஸ்டுடியோக்களுக்கு அப்போதே கைவந்திருந்தது.

ஆங்கிலோ இந்தியர்களின் நிலையே அந்நாளில் இரண்டு பெயருக்கு நடுவில் நின்ற நிலை. ‘யூரேசியர்’ என்று அழைக்கப்பட்டவர்களை 1911இல்தான் அரசு ‘ஆங்கிலோ இந்தியர்’ என்று ஏற்றது. வேலைவாய்ப்புக் கணக்கில் அவர்கள் இந்தியர். நாட்டின் பாதுகாப்புக்கு ஆள் தேவைப்பட்டபோது ஐரோப்பியர். 1916இல் ‘ஆங்கிலோ இந்தியன் ஃபோர்ஸ்’ என்று தனிப்படையே திரட்டப்பட்டு மெசபடோமியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டது. போர் முடிந்தபின் அந்தச் சமூகத்துப் பெண்கள் தட்டச்சராகவும் தொலைபேசி இயக்குநராகவும் செவிலியராகவும் வேலைக்குப் போனார்கள். வேலைக்குப் போவது அவர்கள் வீட்டில் அவமானம் இல்லை. ஆகவே ஸ்டுடியோ வாசலையும் அவர்களால் தாண்ட முடிந்தது. அவர்கள் உழைப்பை ஏற்ற தொழில், பெயரை ஏற்கவில்லை. சாவித்திரியாகவும் தமயந்தியாகவும் திரையில் வருபவளுக்கு ஸ்மித் என்ற பெயர் ஆகாது என்று முடிவுசெய்தது.

ரெனீ ஸ்மித்தை அறிமுகப்படுத்தியவர் ஹிமான்சு ராய். ஜெர்மனியின் எமெல்கா நிறுவனத்தோடு சேர்ந்து 1925இல் அவர் எடுத்த ‘பிரேம் சன்யாஸ்’ படத்தில் சித்தார்த்தனின் மனைவி கோபாவாக நடித்தபோது ரெனீ பதின்ம வயதுப் பெண். அடுத்து ‘ஷிராஸ்’ (1928), ‘பிரபஞ்ச பாஷ்’ (1929). மூன்றையும் இயக்கியவர் ஃப்ரான்ஸ் ஆஸ்டன். இடையில் மதனுக்காக பங்கிம் படங்கள். இந்தப் பெயரைச் சுற்றி ஒரு செய்தி திரைப்பட நூல்களில் விடாமல் எழுதப்பட்டு வருகிறது: ரெனீயும் அவர் சகோதரி பெர்சியும் மாறிமாறி ‘சீதா தேவி’ என்ற ஒரே பெயரில் நடித்தார்கள் என்பது. அது உண்மையானால் ‘துர்கேச நந்தினி’யில் நாம் எந்தச் சகோதரியைப் பற்றிப் பேசுகிறோம் என்ற கேள்வி எழும். பிரதி இருந்திருந்தால், ‘ஷிராஸ்’ படத்து முகத்தோடு வைத்து ஒப்பிட்டு ஒரே மாலையில் தீர்த்துவிடலாம்.

மௌனப்படம் இந்தக் கதைக்கு எப்படிப் பொருந்தியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பது பயனுள்ளது. நாவலாசிரியர் விமலையைப் பணிப்பெண் என்று எழுதிவிட்டு, அவள் அறிவிலும் நடையிலும் சிறு சிறு முரண்களைத் தூவிக்கொண்டே போகலாம். காமிராவின் முன்னால் அது ஆடையிலும் நகையிலும் நிற்கும் இடத்திலும்தான் தெரிய வேண்டும். விமலை தன் பிறப்பையும் திருமணத்தையும் சொல்லும் இடம் நாவலில் ஒரு நீண்ட கடிதம். மௌனப்படத்துக்கு இது இயல்பாகவே ஒத்துவரும், ஏனென்றால் திரையில் எழுத்து வருவது அங்கே வழக்கம். அதைவிட முக்கியமானது திலோத்தமையின் சிறைக் காட்சி. அங்கே அவள் தன்னை விளக்கிப் பேசுவதில்லை. பார்க்கிறாள், விழுகிறாள். முகத்தை மட்டும் நம்பி எடுக்கப்படும் ஒரு கலையில், முகத்தைப் பார்த்தும் நம்பாத ஆணின் கதை இது. குரல் இருந்தும் பேசவிடாத நிலையைக் காட்ட, குரலே இல்லாத சினிமாவைவிடப் பொருத்தமான ஊடகம் வேறு இல்லை.

படம் வெளிவந்த காலத்தையும் மறக்கக்கூடாது. 1926 ஏப்ரலில் தொடங்கி மாதக்கணக்கில் கல்கத்தாவில் இந்து முஸ்லிம் கலவரம் நடந்தது. மசூதிக்கு முன்னால் வாத்தியம் வாசிக்கலாமா என்ற தகராறில் மூண்டது. மறு ஆண்டு அதே நகரில், இந்து இளவரசனை மனதில் வைத்த முஸ்லிம் பெண், தன் காதலைச் சொல்லிவிட்டு, அவன் திலோத்தமையை மணக்கும்போது தன் நகைகளையெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டு விலகும் கதை திரைக்கு வருகிறது. நஞ்சு வைத்த மோதிரத்தைத் தன் விரலிலிருந்து கழற்றி அகழியில் எறிந்து, வாழ்வதைத் தேர்ந்தெடுக்கும் ஆயிஷாவே இந்த நாவலின் உயர்ந்த படைப்பு. தலைப்பு யார் பெயரில் இருந்தாலும் கதை அவளுடையது. ஆனால் அவளைத் தனியே நிற்கவைத்துத்தான் பங்கிமால் உயர்த்த முடிந்தது. காதலுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுக்க முடியவில்லை. அந்த எல்லையை அடுத்து வந்த இந்திய சினிமா நெடுங்காலம் தாண்டவில்லை.

1927 அக்டோபரில் இந்திய அரசு ஒரு திரைப்பட விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். நாடெங்கும் சுற்றி 353 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். கல்கத்தாவில் மதன் தரப்பையும் விசாரித்தார்கள். மதன் நிறுவனம் சந்தையை விழுங்குகிறதா, அமெரிக்கப் படங்களை என்ன செய்வது என்பவை பெரிய கேள்விகள். அவற்றோடு சேர்ந்து திரும்பத் திரும்ப வந்த இன்னொரு பேச்சு, நல்ல குடும்பத்துப் பெண்கள் ஏன் நடிக்க வருவதில்லை என்பது. ஏற்கெனவே நடித்துக்கொண்டிருந்த பெண்களை நல்லவர் அல்லாதவராக வைத்தே அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. நல்ல நோக்கம் கொண்ட குழு அது. அதன் சாட்சியத் தொகுதிகள் இன்றும் மௌனப்பட ஆராய்ச்சிக்கு முதல் ஆதாரம். ஆனாலும் அந்த ஒரு பார்வையில் குழுவும் ஜகத்சிங்கின் பக்கத்திலேயே நின்றது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1931 மார்ச்சில் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ பேசியது. அடுத்த மாதமே மதன் நிறுவனம் ‘ஜமாய் ஷஷ்டி’யை வங்கத்தில் பேசவைத்தது. வங்கமோ உருதுவோ சுத்தமாகப் பேசவும் பாடவும் தெரிந்தவர்களையே பேசும்படம் தேடியது. ரெனீ ஸ்மித்தின் திரைவாழ்வு மௌனப்படக் காலத்தோடு முடிந்தது. மொழி கற்றுக்கொண்டு தாக்குப்பிடித்த சபிதா தேவி போன்றவர்கள் சிலர். சில ஆண்டுகளுக்குள் மதன் நிறுவனமும் சரிந்தது.

படச்சுருள்களின் கதி அதைவிடக் கொடியது. அக்காலச் சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை. தீப்பிடித்தால் அணைக்க முடியாது, வெப்பத்திலும் ஈரத்திலும் தானாகவே சிதையும். ஓடி முடிந்த படத்தின் சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்து விற்பது லாபம். இந்தியாவின் முதல் படப்பிடிப்பாளர்களில் ஒருவரான ஹீராலால் சென்னின் படங்கள் 1917இல் தீயில் போயின. தாகூர் இயக்கிய ‘நடீர் பூஜா’ 1940இல் நியூ தியேட்டர்ஸ் தீவிபத்தில் போயிற்று. ஆயிரத்து முந்நூறுக்கு மேல் எடுக்கப்பட்ட இந்திய மௌனப்படங்களில் இன்று இருப்பவை மிகச் சில. வங்கத்தில் முழுமையாகக் கிடைப்பது 1931இல் வந்த ‘ஜமாய் பாபு’ என்ற சிறு நகைச்சுவைப்படம். தென்னகத்தில் மிஞ்சிய ஒன்று, நாகர்கோவில் ஆர். சுந்தரராஜ் தயாரித்து பி. வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). அதுவும் அரியணைப் போர்க் கதைதான். இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய ஒருவன் பைத்தியக்காரன் வேடத்தில் நடமாடி இளவரசனைக் காப்பாற்றும் கதைதான். சி. வி. ராமன் பிள்ளையின் நாவலுக்கு உரிமை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டுப் படத்தைப் பறிமுதல் செய்யவைத்தது. அப்படி முடங்கிக் கிடந்ததால்தான் பிரதி பிழைத்து, பின்னர் புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சீதா தேவியின் முகத்தை இன்று நாம் காண முடிகிறது என்றால் அதுவும் இப்படிப்பட்ட தற்செயல்தான். ஐரோப்பியக் கூட்டுத் தயாரிப்புகளின் சுருள்கள் ஐரோப்பாவில் பத்திரமாக இருந்தன. ‘ஷிராஸ்’ படத்தை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் செப்பனிட்டு, அனுஷ்கா சங்கரின் இசையோடு 2017இல் திரையிட்டது. ஜெர்மானியர் எடுத்த ரெனீ இருக்கிறார். கல்கத்தா எடுத்த ரெனீ இல்லை. வங்க நாவலின் பெண்ணாக வங்க மண்ணில் அவர் நடித்தது எதுவும் கிடைக்கவில்லை. மதனின் ‘பில்வமங்கள்’ படத்தில் ஒரு பகுதி, 594 மீட்டர், பாரிஸின் சினிமாதெக்கில் கிடைத்து 2016இல் டிஜிட்டல் வடிவில் புனேவுக்கு வந்தது. ஆகவே தேடல் வீண் என்று யாரும் சொல்ல முடியாது. மதனின் அரங்கங்கள் ரங்கூனிலும் கொழும்பிலும் இருந்தன. அங்கே போன பிரதிகள் எல்லாம் திரும்பி வந்தன என்பதற்கில்லை.

இரண்டு வேலைகள் உடனே செய்யத்தக்கவை. இந்தியாவில், பர்மாவில், இலங்கையில் பழைய அரங்கங்களையும் விநியோகக் கிடங்குகளையும் வைத்திருக்கும் குடும்பங்கள், துருப்பிடித்த படப்பெட்டி கண்ணில் பட்டால் அதைத் தாங்களே திறந்து ஓட்டிப்பார்க்காமல், வெள்ளிக்கு விற்றுவிடாமல், ஆவணக்காப்பகத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும். மௌனப்படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நடிகையர் பட்டியலில் திரைப்பெயரோடு சொந்தப் பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும்: ரெனீ ஸ்மித், ஐரிஸ் காஸ்பர், எஃபி ஹிப்போலெட், போனி பேர்ட். இந்திய சினிமாவின் முதல் கதாநாயகிகளில் இவர்களும் அடக்கம். அவர்கள் பெயர் அடைப்புக்குறிக்குள் கூட வராத நூல்கள் இன்னும் நம் நூலகங்களில் இருக்கின்றன.